கருநீலப் பெயிண்டில் மெல்லிய கீறல்கள்: எடுத்த விதமும் தடுத்த விதமும்

எங்கள் டொயோட்டா விட்ஸின் பொனட்டில் இருந்த மெல்லிய கீறல்கள் ஒருவழியாகப் போய்விட்டன. காரின் நிறம் கருநீலம். காலை வெயிலில் நிறுத்தினால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் கோடுகள் தெரிந்த இடத்தில் இப்போது பிம்பம் மட்டுமே தெரிகிறது. வலப்பக்கப் பின்கதவில் வேலை முக்கால்வாசிதான் சரிவந்தது. கூரையின் பின் ஓரத்தில் உள்ள ஒரு கீறலைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறேன். மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு அண்மையில், மணல் முற்றத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு இவை பயன்படலாம் என்பதால், செய்த வேலையை அதன் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

எந்தக் கீறல் போகும், எது போகாது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டியிருந்தது. பகலில் மர நிழலில் பார்த்தால் கார் நன்றாகவே இருக்கும். இரவில் கொட்டிலின் விளக்கை அணைத்துவிட்டு, எல்ஈடி டோர்ச்சை ஒரு முழத் தூரத்தில் பிடித்தபோதுதான் உண்மை நிலை தெரிந்தது. வட்டமாகத் தெரிந்தாலும் இந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் எண்ணற்ற கோடுகளில், வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்காக இருப்பவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. டோர்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்வது அதனால்தான். இப்படி நகரும் கோடுகள் ஆழமற்றவை. டோர்ச் எங்கே போனாலும் இருந்த இடத்திலேயே தெரியும் கோட்டின்மீது நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தடக்கினால் அது பொலிஷுக்கு உரிய கீறல் அல்ல.

இதில் எச்சரிக்கையாக இருக்கக் காரணம், தேய்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை என்பதுதான். தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயிண்டின் மொத்தத் தடிப்பு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை. நாம் அச்சிடப் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாளின் தடிப்பே ஏறத்தாழ 100 மைக்ரோன். அந்தத் தடிப்புக்குள் அடிப்பூச்சும் நிறப்பூச்சும் போக, மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரோன்தான். பொலிஷ் செய்வது என்பது இந்தக் கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரோனைத் தேய்த்தெடுத்து, மேற்பரப்பைக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குவதே அன்றிக் கீறலை நிரப்புவது அன்று. புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கும் சேர்மானமும் கிளியர் கோட்டிலேயே இருப்பதால், அளவுக்கு மீறித் தேய்த்து மெலிந்த இடம் இங்கத்தைய வெயிலில் நாளடைவில் வெளிறி, செதிள் செதிளாக உரியத் தொடங்கும்.

அயலில் விபத்து வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பாஸ் ஒருவரிடம் தடிப்பு அளக்கும் கருவி இருந்தது. அதை இரவல் வாங்கி ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தேன். பொனட்டில் 105 முதல் 115 வரை காட்டியது. கூரையிலும் இடப்பக்கக் கதவுகளிலும் அப்படியே. வலப்பக்கப் பின்கதவில் 240ஐத் தாண்டியது. ஜப்பானிலேயோ இங்கே வந்த பிறகோ அந்தக் கதவு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது. தடிப்பு அதிகம் என்பதால் அந்தக் கதவில் தைரியமாகத் தேய்க்கலாம் என்று எண்ணத் தோன்றும்; ஆனால் கருவி காட்டுவது மொத்தத் தடிப்பைத்தான். அதில் கிளியர் கோட் எவ்வளவு, கீழே பட்டி எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

மெஷினுக்கு முன்னர் கையாலேயே முடியுமா என்று பார்த்தேன். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டிங் பேஸ்ட்டை ஈரத் துணியில் எடுத்து, பொனட்டின் ஒரு மூலையில் தோள் வலிக்கும்வரை தேய்த்ததில் பழைய கீறல்கள் மங்கின. ஆனால் துணி போன வழியெல்லாம் புதிய நேர்க்கோடுகள் விழுந்து, அந்த இடம் சாம்பல் பூத்துப்போனது. தேங்காயெண்ணெய் தடவினால் கீறல் மறையும் என்று சொல்பவர்கள் உண்டு. மறையத்தான் செய்கிறது, அடுத்த கழுவல்வரை. எண்ணெய் கீறலுக்குள் நின்று ஒளி சிதறுவதைக் குறைக்கிறது, அவ்வளவே. போதாததற்கு இந்த மணற்காற்றில் எண்ணெய்ப் பிசுக்கு தூசியை இழுத்து வைத்துக்கொள்கிறது. பற்பசையைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மெஷின்களில் இரண்டு வகை. பட்டறைகளில் பெரும்பாலும் காண்பது ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி. அது வேகமாக வெட்டும், சூடாக்கவும் செய்யும். பழகாத கை பிடித்தால் ஓரங்களில் பெயிண்ட் கருகிப்போகலாம், இல்லாவிட்டால் வெயிலில் அலையலையாக நெளியும் தடங்களை விட்டுச்செல்லும். எங்கள் காரின் பொனட்டிலேயே, முன்பு ஓரிடத்தில் கட் அண்ட் பொலிஷ் செய்வித்தபோது விழுந்த அத்தகைய அலைத்தடங்கள் இருந்தன. நான் வாங்கியது சுழன்றுகொண்டே ஊசலாடும் டிஏ மெஷின்: 15 மி.மீ. ஊசல், தேய்க்கும் பேடைப் பொருத்தும் 5 அங்குலத் தாங்கு தகடு, 1 முதல் 6 வரை வேகத் திருகு. அழுத்தம் கூடினால் சுழல்வதை நிறுத்தி வெறுமனே அதிர்வதால், பெயிண்டை எரிப்பது இதில் கடினம்.

கொட்டிலுக்குள் கொண்டுவருமுன் காரைத் தயார்செய்வதில்தான் அதிக நேரம் போனது. பாத்திரம் கழுவும் திரவம் மெழுகை அகற்றிவிடும் என்பதால் வழக்கமாகக் காருக்குக் கூடாது. பழைய மெழுகு போக வேண்டும் என்பதற்காகவே இந்த ஒரு முறை அதைக் கொண்டு கழுவினேன். நிலாவெளி வீதியில் புதிய தார் போட்ட காலத்தில் கதவுகளின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய கரும்புள்ளிகளை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றியெடுத்து, உடனே மறுபடி கழுவினேன். கிணற்று நீர் காய்ந்த வெள்ளை வட்டங்களுக்கு, வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து, ஈரத் துணியை ஒரு நிமிடம் போர்த்தி எடுத்தால் போதுமானதாக இருந்தது. உப்புத் தூவல் இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. ஆனால் உப்பு கழுவினால் கரைந்துவிடும். கிணற்று நீரின் சுண்ணாம்புதான் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதன் பிறகு கிளே பார். களிமண் போன்ற இந்தக் கட்டியை உள்ளங்கையளவு தட்டையாக்கி, ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். மெல்லிய பொலித்தீன் பைக்குள் விரலை விட்டுப் பெயிண்டைத் தடவினால், கழுவிய பின்னரும் நறநறவென்று ஏதோ ஒட்டியிருப்பது விரலுக்குத் தெரியும்; கிளே போன பாதையில் அந்த நறநறப்பு அடங்கிவிடுகிறது. கட்டியைப் புரட்டிப் பார்த்தபோது செம்பழுப்பாகப் பொடிப்பொடியாக ஏறியிருந்தது. மடித்துப் பிசைந்து புதிய முகத்தை எடுத்துத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஒரு துண்டு மணலில் விழுந்தது. அதைக் கழுவிப் பயன்படுத்துவதைவிட எறிவதே மேல்.

கதவுக் கைப்பிடிகள், கறுப்புப் பிளாஸ்ரிக் விளிம்புகள், பொனட்டின் மடிப்பு ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். இதைப் பாஸ் அண்ணன்தான் வற்புறுத்தினார். “தம்பி, மெஷின் பிடிக்க முதல் ஓரமெல்லாம் டேப் அடியும். ஓரத்தில பெயிண்ட் எப்பவும் மெல்லிசு,” என்றார். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே கூரிய ஓரங்களிலிருந்து விலகிச் செல்லும். பொலிஷ் பேடின் முழு அழுத்தமும் விழுவதும் அதே ஓரத்தில்தான்.

சோதனைக்காகப் பொனட்டின் நடுவில் 45 செ.மீ. சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பேடும் பொலிஷும் எப்போதும் மென்மையான சேர்க்கையில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆகவே மிருதுவான பேடுடன் மெகுவையர்ஸ் அல்டிமேட் பொலிஷ் முதலில். மினுக்கம் வந்தது, கீறல் அசையவில்லை. நடுத்தர நுரைப் பேடுடன், பொலிஷைவிடக் கூடுதலாக வெட்டும் அதே நிறுவனத்தின் அல்டிமேட் கம்பவுண்ட் அடுத்தது. பாதிக்கு மேல் போனது. அதே கம்பவுண்டை மைக்ரோஃபைபர் பேடில் எடுத்தபோது கீறல்கள் எல்லாம் எடுபட்டு, மெல்லிய மங்கல் ஒன்று மட்டும் மிஞ்சியது. அந்த மங்கலை மிருதுவான பேடும் பொலிஷும் நீக்கின. எனவே மற்றத் தகடுகளுக்கும் இரண்டு கட்ட வேலை என்று முடிவானது.

அழுத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் படித்து விளங்கிக்கொள்வது கடினம். நிறை பார்க்கும் தராசின்மேல் பழைய துவாயை விரித்து, ஓடாத மெஷினை வைத்து, முள் 5 கிலோவைத் தொடும்வரை அழுத்திக் கையைப் பழக்கினேன். இன்னொரு சிறு தந்திரம், தாங்கு தகட்டின் விளிம்பில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைப்பது. மெஷின் ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றிவருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கதவின் வளைவில் பேட் சாய்ந்தால் கோடு அப்படியே நின்று நடுங்கும். நின்றுவிட்டால் வெட்டு இல்லை, வெறும் சத்தம்தான். கையை நேராக்கி அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தியதும் கோடு மறுபடி சுற்றத் தொடங்கும். இந்தக் கோடு இல்லாமல் செய்த முன் மட்கார்டை, கோடு போட்ட பிறகு முழுவதும் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று.

பட்டாணிக் கடலை அளவில் நான்கைந்து சொட்டுக் கம்பவுண்டைப் பேடில் வைத்து, 1ஆம் வேகத்தில் பரப்பி, பின்னர் 5இல் குறுக்கும் நெடுக்குமாக, ஒரு வரியின் பாதியை அடுத்த வரி மூடும்படி, வினாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் என்ற நிதானத்தில் நகர்த்தினேன். இந்த நிதானம்தான் கைக்கு வரச் சுணங்கியது. மனம் துடைப்பதாக நினைத்துக்கொண்டு கையை வேகமாக இழுத்துவிடுகிறது. ஒவ்வொரு சதுரமும் முடிந்தவுடன் பழைய பற்தூரிகையால் பேடைச் சுரண்டிக் காய்ந்த பொடியை எடுக்காவிட்டால், தேய்த்தெடுத்த பெயிண்டும் தீர்ந்த கம்பவுண்டும் உருண்டு புதிய கீறலைப் போடும்.

சூடும் காற்றும்தான் பெரிய தொல்லைகள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில், திறந்த முற்றத்தில் இந்த வேலையை நினைத்தும் பார்க்க முடியாது. கொட்டிலின் மேற்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்து, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிவரை நன்றாகப் போகும். அதற்குப் பிறகு தகடு சூடேறி, கம்பவுண்ட் ஒரு சதுரம் முடியுமுன்பே காய்ந்து மாவாகிவிடும். துடைக்கப் போனால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை அழுத்தித் துடைத்தால் எடுத்த கீறல் திரும்ப வரும். பேடில் ஒரு தடவை தண்ணீரை மென்தூறலாகத் தெளிப்பது ஓரளவு உதவியது. ஒன்பது மணிக்கு மெஷினை நிறுத்திவிடுவதே உண்மையான தீர்வு.

கீறல் உண்மையில் போனதா, கம்பவுண்டின் எண்ணெய்ப்பசை அதை மறைத்திருக்கிறதா என்பதை அறிய மதுசாரத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டை முதலில் எடுத்தேன். துடைத்த இடத்தில் மெல்லிய வழவழப்பு நின்றது. அதில் ஆமணக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு என்பது போத்தலின் பின்பக்கத்தை வாசித்த பிறகுதான் விளங்கியது. எண்ணெய் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க எண்ணெய் கலந்த திரவம் உதவாது. கொழும்பிலிருந்து ஐசோபுரொபைல் அல்ககோல் வரவழைத்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்தினேன். அந்தத் துடைப்புக்குப் பிறகு பொனட்டில் எதுவும் திரும்ப வரவில்லை. வலப்பக்கப் பின்கதவில் வந்தது.

அந்தக் கதவின் மறுபெயிண்ட் மற்றவற்றைவிட மென்மையானது. மைக்ரோஃபைபர் பேட் அதில் கீறலை எடுத்த வேகத்திலேயே தன் தடத்தையும் பதித்தது. மிருதுவான பேட் அந்தத் தடத்தை முழுமையாக நீக்கவில்லை. வேகத்தை 3க்குக் குறைத்து, கையின் எடையைக்கூட எடுத்துவிட்டு, மெஷினின் பாரம் மட்டும் இருக்கும்படி பொலிஷை மூன்று நான்கு முறை ஓட்டியதில் மங்கல் பெரும்பாலும் தெளிந்தது. டோர்ச் வெளிச்சத்தில் இன்னும் சிறிது தெரிகிறது. மறுபெயிண்ட் அடித்த தகட்டுக்குத் தனியாகச் சோதனைச் சதுரம் போட வேண்டும். பொனட்டில் கண்ட சேர்க்கை அங்கே செல்லுபடியாகாது.

கூரையின் பின் ஓரத்துக் கீறல் நகத்தில் தடக்குவது. அதன் இரு கரைகளையும் சற்று மழுங்கச் செய்ததில் தூரத்திலிருந்து தெரிவதில்லை. அதற்கு மேல் போக நான் விரும்பவில்லை. எல்லாம் முடிந்த பின் செயற்கைச் சீலண்ட் எனப்படும் பாதுகாப்புப் பூச்சு ஒன்றை மெல்லிய படையாகப் பூசி, அரைமணி நேரம் காயவிட்டுத் துடைத்தேன். கார்னூபா மெழுகு கருநீலத்துக்கு அழகான ஆழம் தரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியில் நிற்கும் காருக்கு, இந்த வெக்கையில், செயற்கைப் பூச்சே கூடிய நாள் தாங்குகிறது.

இனி இந்தக் கீறல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி. கீறல்களின் திசையே அதற்குப் பதில் சொன்னது. கதவுகளில் கிடந்தவை முன்னும் பின்னுமாக, கை போய்வரும் நீளத்துக்கு நேராக இருந்தன: காலையில் வேலைக்குப் புறப்படுமுன் உலர்ந்த துணியால் தூசி தட்டும் வழக்கத்தின் விளைவு. பக்கக் கண்ணாடிகளின் மேலும் கூரையின் பின் ஓரத்திலும் இருந்தவை குறுகியவை, நெருக்கமானவை, ஒரே இடத்தில் குவிந்தவை. அவை காருக்குப் போர்த்திய உறையின் வேலை. கச்சான் அடிக்கும்போது உறை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே புகுந்த மணலுடன் அது கண்ணாடியின் கூட்டையும் கூரை ஓரத்தையும் நாள் முழுவதும் தேய்த்திருக்கிறது. நகத்தில் தடக்கும் அந்த ஒரு கீறலுக்கு நேர்மேலே உறையின் வார்க்கொளுவி தொங்கியது. பெயிண்டைக் காக்க வாங்கிய உறைதான் அதிகம் கெடுத்திருக்கிறது என்பது என் முடிவு. சுவர்களுக்குள் நிற்கும் காருக்கு உறை நல்லது. மணல் முற்றத்தில், காற்றுக்குள், வேண்டாம்.

நமது கடற்கரை மணலில் பெரும்பகுதி குவாட்ஸ். அதன் கடினம் மோஸ் அளவையில் 7. சாதாரண இரும்பில் கீறல் விழுத்தப் போதுமானது. வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைட்டோடு சேர்ந்து கிடைக்கும் சேர்கோன் அதைவிடவும் கடினமானது. இப்படிப்பட்ட துகளைத் துணிக்கும் பெயிண்டுக்கும் இடையில் வைத்து ஒரு தடவை இழுத்தாலே போதும், மெஷினில் ஒரு காலை வேலையை உண்டாக்கிவிடலாம்.

ஆகவே உலர்ந்த துணி காரைத் தொடுவது முற்றாக நின்றுவிட்டது. தூசியோடு வேலைக்குப் போவதில் எனக்கு வெட்கமில்லை. கழுவும்போது முதலில் குழாய் நீரால் மேலிருந்து கீழாக நன்றாக அலசி, தானாகப் போகும் மணலைப் போகவிடுகிறேன். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். ஸ்பொஞ்சின் தட்டையான முகம் மணலைப் பெயிண்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் என்பதால், நீண்ட இழையுள்ள மைக்ரோஃபைபர் கையுறையைப் பயன்படுத்துகிறேன். ஒரு தகடு முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் அலசிய பிறகே ஷாம்பில் தோய்க்க வேண்டும். வெறும் நீர் வாளியின் அடியில் போட விற்கப்படும் வலைத்தட்டு இங்கே கிடைக்கவில்லை. 7 செ.மீ. நீளத்தில் வெட்டிய பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்றின்மேல் ஒரு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். கையுறையை அதில் உரசினால் மணல் ஓட்டைகள் வழியே கீழிறங்கி, மறுபடி மேலே வருவதில்லை. கழுவி முடித்து நீரைச் சாய்த்தபோது அடியில் ஒரு தேக்கரண்டியளவு மணல் கிடந்தது. முன்பெல்லாம் அவ்வளவும் ஸ்பொஞ்சோடு காரைச் சுற்றிவந்திருக்க வேண்டும்.

சில்லுகளுக்கும் கதவுகளின் கீழ் ஓரத்துக்கும் வேறு துணி. கடைசி அலசலுக்கு, வாடைக் காலமானால் பீலியில் பிடித்த மழைநீர். மற்ற மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் நீரைக் கலனில் சேர்த்து, துடைப்பதற்கு முன் தெளித்துக்கொள்கிறேன். இரண்டிலும் சுண்ணாம்பு இல்லாததால் வெள்ளைப் புள்ளி விழுவதில்லை. துடைக்கும் துணிகளைக் கொடியில் காயப்போடுவதை நிறுத்தி, வீட்டுக்குள் காயவைத்து மூடியுள்ள பெட்டியில் வைக்கிறேன். கொடியில் கிடந்த துணியை உதறினால் விழும் மணலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காக எச்சத்தைச் சுரண்டாமல், நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் தூக்கியெடுக்கிறேன்.

செலவு: மெஷின் 32,000 ரூபாய், கம்பவுண்ட் 9,500, பொலிஷ் 8,800, பேடுகள் நான்கு 7,200, சீலண்ட் 6,500, மைக்ரோஃபைபர் துணிகள் 4,500, கிளே 2,800, டேப்பும் அல்ககோலும் சில்லறையும் 1,200, எல்லாமாக 72,500. கட் அண்ட் பொலிஷுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை 20,000. ஒரு காருக்கு ஒரே ஒரு முறை என்றால் இந்தக் கணக்கு எவ்வகையிலும் கட்டுப்படியாகாது. மைத்துனரின் வானும் அக்காவின் காரும் வரிசையில் நிற்பதால் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். கையுறை, இரண்டு வாளி, இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்குப் போனது 4,000க்கும் குறைவு; முதலில் வாங்கியிருக்க வேண்டியவை அவைதான்.

அடுத்த முறை நான்கு பேடுகள் போதாது. மைக்ரோஃபைபர் பேட் சூடாகி நனைந்துவிட்டால் வெட்டுக் குறைகிறது. இரண்டு சதுரத்துக்கு ஒன்று என்று மாற்ற, கம்பவுண்டுக்கு மட்டும் குறைந்தது ஐந்து பேடுகள் வேண்டும். 3 அங்குலத் தாங்கு தகடு ஒன்றும் தேவை. கதவுக் கைப்பிடியின் குழிக்குள்ளும் பின் பம்பரின் இலக்கத்தகட்டைச் சுற்றியும் 5 அங்குலப் பேட் நுழையாததால் அந்த இடங்களில் பழைய கீறல்கள் அப்படியே இருக்கின்றன; சின்னத் தகடு கொழும்பிலிருந்து வந்ததும் அவற்றையும், வலப்பக்கப் பின்கதவின் மிச்ச மங்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.